பாரசீக ஷாவிடம் வேலை பார்த்த ஜார்ஜிய இளவரசர்கள்: கேள்வி பதில்

பாரசீகத்தை (ஈரானை) ஆண்ட சஃபாவி வம்சத்து ஷாக்களிடம் சேவகம் செய்த ஜார்ஜிய ராஜகுமாரர்களைப் பற்றிச் சென்ற முறை நாலு வரிதான் எழுதினேன். அதற்கே கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர்கள் கொஞ்சம் படுத்தும். ஒரே ஆளுக்கு ஜார்ஜியப் பெயர் ஒன்று, பாரசீகப் பெயர் ஒன்று இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஊர்க்குருவி): ஜார்ஜியா கிறித்தவ நாடு, ஈரான் ஷியா பேரரசு. இந்த நாட்டு ராஜகுமாரன் எதுக்கு அங்க போய் வேலைக்குச் சேரணும்?

பதில்: பெரும்பாலோர் தாமாகப் போகவில்லை, கொண்டுபோனார்கள். 1555-இல் துருக்கியின் உஸ்மானியரும் சஃபாவிகளும் அமாசியாவில் உடன்படிக்கை செய்து ஜார்ஜியாவைக் கூறு போட்டுக்கொண்டார்கள். மேற்கே இமெரெத்தி உஸ்மானியருக்கு, கிழக்கே கார்ட்லியும் காக்கெட்டியும் பாரசீகத்துக்கு. கிழக்கில் இருந்த இந்த இரண்டு ராஜ்ஜியங்களையும் ஆண்டவை பாக்ரேஷனி என்ற ஒரே வம்சத்தின் இரு கிளைகள். பங்காளிச் சண்டைக்குக் குறைவில்லை. கார்ட்லி ராஜா சிமோனின் தம்பி தாவீத், 1562-இல் ஷா தஹ்மாஸ்பிடம் ஓடிப்போய் முஸ்லிமாகி, தாவூத் கான் என்ற பெயரோடு கார்ட்லியின் தலைநகர் திபிலிசிக்கு வந்து உட்கார்ந்தார். அண்ணன் சிமோன் பிடிபட்டு அலமூத் கோட்டைச் சிறைக்குப் போனார்.

அதன்பின் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அரச குடும்பத்துப் பையன் யாராவது ஒருவன் எப்போதும் ஷாவின் அரண்மனையில் இருக்க வேண்டும். தகப்பன் முரண்டு பிடித்தால் பையன் பிணை. தகப்பனைத் தூக்கிவிட்டால் பையன்தான் வாரிசு. அங்கேயே வளர்ந்தவனுக்கு முஸ்லிம் பெயரும் ‘வாலி’ என்ற பட்டமும் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஷாவின் ஏட்டில் அவன் ஆளுநர், ஊர் மக்களுக்கு அவன் ராஜா. இரண்டு தரப்புக்கும் மானம் போகாத ஏற்பாடு. நாணயம் மட்டும் திபிலிசியில் ஷாவின் பெயரிலேயே அடித்தார்கள்.

கேள்வி (கீழ்வானம்): அப்படி அங்கே வளர்ந்து வந்தவர்களை ஜார்ஜிய மக்கள் ஏற்றுக்கொண்டார்களா?

பதில்: ஆளைப் பொறுத்தது. காக்கெட்டியின் கொன்ஸ்தந்தீன் ஷா அப்பாஸின் அரண்மனையில் வளர்ந்தவர், முஸ்லிம். 1605 மார்ச்சில் ஊருக்கு வந்து, பெற்ற தகப்பன் அலெக்சாந்தரையும் அண்ணன் கியோர்கியையும் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடித்தார். எத்தனை நாள் தாங்கும்? இறந்துபோன இன்னொரு அண்ணனின் விதவை கெத்தெவான் பிரபுக்களைத் திரட்டிக் கலகம் செய்தாள். அதே ஆண்டு அக்டோபருக்குள் கொன்ஸ்தந்தீன் கதை முடிந்தது. கெத்தெவானின் மகன் தெய்முராஸ் ராஜாவானார்; வேறு வழியில்லாமல் அப்பாஸும் தலையாட்டினார். ஆனால் மறக்கவில்லை. அந்தக் கெத்தெவானுக்கு என்ன ஆயிற்று என்று கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார், வருகிறேன்.

கேள்வி (மலைக்கோட்டை): ரோஸ்தோம் கான் பேரை மட்டும் அடிக்கடி சொல்றீங்க. அவர்கிட்ட அப்படி என்ன இருக்கு?

பதில்: எனக்குப் பிடித்த ஆள், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

மேலே சொன்ன தாவூத் கானின் மகன் இவர், முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறக்காதவர். ராஜாவாகும் முன் பெயர் கோஸ்ரோ மிர்சா. 1560-களில் பிறந்தவர். ஐம்பது வயது வரைக்கும் இஸ்ஃபஹானில் பெயர் சொல்லிக்கொள்ள எதுவுமில்லாமல் காலம் தள்ளியவர். இவரை ஷா அப்பாஸின் கண்ணில் படவைத்தது கியோர்கி சாகாட்ஸே என்ற ஜார்ஜியத் தளபதி. 1618 வாக்கில் தலைநகரின் காவல், நிர்வாகம் எல்லாம் பார்க்கும் தாரோகா பதவி கிடைத்தது. அதற்குப் பிறகு இஸ்ஃபஹான் தாரோகா என்றால் பெரும்பாலும் கார்ட்லி அரச குடும்பத்து ஆள்தான் என்று ஆகிவிட்டது. ஈரானின் தலைநகரத்தில் இரவுக் காவலுக்கு ஒரு ஜார்ஜிய இளவரசன் பொறுப்பு!

1625-இல் அதே சாகாட்ஸே ஷாவுக்கு எதிராகத் திரும்பினார். மார்ச் மாதம் மார்ட்கோபியில் பாரசீகப் படையை நடு முகாமிலேயே வெட்டிச் சாய்த்தார். பிணையாக இருந்த அவர் மகன் பாத்தாவின் தலையை வெட்டித் தகப்பனுக்கே அனுப்பினார் அப்பாஸ். ஜூலையில் மராப்தாவில் அடுத்த சண்டை. ஜார்ஜியர் கை ஓங்கியிருந்த நேரத்தில், தோற்கவிருந்த பாரசீகப் படையில் நிலைகுலையாமல் நின்று ஆட்டத்தைத் திருப்பியவர்களில் ஒருவர் கோஸ்ரோ மிர்சா. தன்னைத் தூக்கிவிட்டவருக்கு எதிரே, தன் தேசத்துப் படைக்கு எதிரே.

1629 ஜனவரியில் அப்பாஸ் இறந்தார். வயதுவந்த வாரிசு யாரும் உருப்படியாக மிஞ்சவில்லை. பிள்ளைகளைக் கொன்றும் குருடாக்கியும் தீர்த்திருந்தார். அந்த நேரத்தில் தலைநகரை அடக்கிப் பிடித்து, பேரன் சாம் மிர்சாவை ஷா சஃபியாக அரியணையில் ஏற்றியதில் தாரோகாவுக்குப் பெரிய பங்கு. நன்றிக்கடனாக ஷாவின் குலாம் (அடிமை வீரர்) படை முழுவதற்கும் தலைமைப் பதவி. 1633-இல், அப்போது கார்ட்லியையும் ஆண்டுவந்த தெய்முராஸை விரட்டிவிட்டுக் கார்ட்லி ராஜ்ஜியமே கொடுத்தார்கள். அப்போது வயது அறுபத்தைந்துக்கு மேல். பென்ஷன் வாங்கும் வயதில் பட்டாபிஷேகம்!

பிறகு இருபத்தைந்து வருஷம் ஆண்டார். மேற்கு ஜார்ஜியாவின் மிங்ரேலியா இளவரசி மரியாமைக் கைப்பிடித்தபோது முஸ்லிம் முறை, கிறித்தவ முறை இரண்டிலும் கல்யாணம் நடந்தது. அவர் முஸ்லிம், மனைவி கடைசிவரை கிறித்தவள். கோவில்களைப் பழுதுபார்க்கப் பணம் கொடுத்தார். ஜார்ஜிய வரலாற்றுத் தொகுப்பின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று இந்த மரியாம் எழுதவைத்த ஏடு. இன்றும் அவள் பெயரில்தான் வழங்குகிறது. கோரிக் கோட்டையைச் சீர்செய்தார், வணிகம் தழைத்தது. அதற்கு முந்தைய ஐம்பது வருஷம் அந்த நாடு பட்ட பாட்டோடு வைத்துப் பார்த்தால் இந்த அமைதி சாதாரண விஷயமில்லை.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். 1642-இல் தன்னைக் கவிழ்க்க நடந்த சதியில் சேர்ந்தார் என்று ஜார்ஜியத் திருச்சபையின் தலைவர் எவ்தெமோஸையே கொன்றவர். பாரசீக உடை, பாரசீக விருந்து, அரண்மனைப் பதவிகளுக்குப் பாரசீகப் பெயர் எல்லாம் இவர் காலத்தில் புகுந்ததாக ஜார்ஜிய வரலாற்றாசிரியர்கள் புலம்பியிருக்கிறார்கள். 1658-இல் இறந்ததும் உடல் ஈரானின் கோம் நகருக்குப் போனது. மத்ஸ்கெத்தாவில் ஜார்ஜிய ராஜாக்கள் துயிலும் கோவிலில் அவருக்கு இடமில்லை.

கேள்வி (டீக்கடை பெஞ்ச்): குலாம்னா அடிமைதானே? அப்ப இளவரசனும் அடிமையா அண்ணே?

பதில்: இரண்டையும் குழப்பக்கூடாது தம்பி. குலாம்கள் என்பவர்கள் போரில் பிடித்தும் விலைக்கு வாங்கியும் கொண்டுவரப்பட்டு, முஸ்லிமாக்கப்பட்டு, ஷாவுக்கு மட்டுமே விசுவாசமாக வளர்க்கப்பட்ட ஜார்ஜியர், ஆர்மீனியர், சர்க்காசியர். அடிமை என்றாலும் ஆளுநர் வரை உயரலாம். ஃபார்ஸ் மாகாணத்தை ஆண்ட அல்லாவெர்தி கான் அப்படி வந்த ஜார்ஜியர்தான். இஸ்ஃபஹானில் முப்பத்துமூன்று வளைவுகளோடு நிற்கும் பாலம் அவர் கட்டியது. அவர் மகன் இமாம் குலி கான் 1622-இல் ஆங்கிலேயக் கப்பல்களின் துணையோடு போர்த்துகீசியரிடமிருந்து ஹோர்முஸ் தீவைப் பிடித்தார். பத்தே வருஷத்தில் ஷா சஃபி அவரையும் பிள்ளைகளையும் வெட்டிப்போட்டார், தம்பி கலகம் செய்தான் என்ற காரணத்துக்கு.

இளவரசர்கள் ரத்தத்தால் ராஜவம்சம். ஊரில் அவர்களுக்குப் படை உண்டு, உறவு உண்டு, உரிமை உண்டு. குலாமை வெட்டினால் கேட்க ஆளில்லை. வாலியை வெட்டினால் அடுத்த வாலியையும் அதே குடும்பத்தில்தான் தேட வேண்டும். ஷாவுக்குக் கடைசிவரை இருந்த தலைவலி இதுதான்.

கேள்வி (தஞ்சை மாணவி): இவங்க மதம் மாறினது மனசாரவா, பேருக்கா சார்?

பதில்: கொன்ஸ்தந்தீன் போலச் சின்ன வயதிலேயே அங்கே வளர்ந்தவர்களுக்கு அதுதான் மதம். மற்றவர்கள் விஷயம் வேறு. கார்ட்லி ராஜா பதினோராம் கியோர்கி என்ற குர்கின் கானை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாவின் கணக்கில் முஸ்லிம், பிறப்பால் ஜார்ஜியத் திருச்சபை, கத்தோலிக்கப் பாதிரிகளிடம் நெருக்கம். ரோமில் இருந்த போப்பாண்டவருக்கே தன் பற்றைத் தெரிவித்துக் கடிதம் போட்டவர். மூன்றில் எது நிஜம் என்று கேட்டால், சிக்கலில் உதவி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வரட்டும் என்று மூன்று கதவையும் திறந்து வைத்திருந்தார் என்பது என் கணிப்பு. ஷாவுக்கும் இது தெரியாததல்ல. வரியும் படையும் வந்துகொண்டிருந்த வரை யாரும் துருவிக் கேட்கவில்லை.

மாற மறுத்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. கார்ட்லி ராஜா இரண்டாம் லுவார்சாப் மறுத்தார். 1622-இல் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

கேள்வி (பழைய பேப்பர்): கோவாவில் கிடைத்த எலும்பு ஜார்ஜிய ராணியுடையது என்று செய்தி படித்த ஞாபகம். தொடர்பு உண்டா?

பதில்: அவள்தான் மேலே சொன்ன கெத்தெவான். பேரப்பிள்ளைகளோடு ஷா அப்பாஸிடம் பிணையாகப் போனவள். பேரன்கள் இருவரையும் காயடித்துவிட்டார்கள். அவளைப் பத்து வருஷம் ஷிராஸில் வைத்திருந்து, 1624 செப்டம்பரில் மதம் மாறச் சொல்லிப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சித்திரவதை செய்தே கொன்றார்கள். ஷிராஸில் இருந்த அகஸ்தீன் சபைத் துறவிகள் எச்சங்களில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவில் இடிந்து கிடக்கும் அவர்களுடைய மடாலயத்தில் தோண்டியபோது கிடைத்த எலும்பை ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலிசிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கெத்தெவான் பிணைக்கைதியாக ஷிராஸில் இருந்தபோது அந்த ஊரின் ஆளுநர் இமாம் குலி கான். அவரும் ஜார்ஜியர்.

கேள்வி (நாற்காலி): குர்கின் கான் கந்தகாரில் கொல்லப்பட்ட கதையை முழுசாகச் சொல்லுங்கள். மீர்வைஸை ஆப்கானியர்கள் தேசத்தந்தை என்கிறார்களே?

பதில்: குர்கின் முதலில் ஷாவுக்கே ஆகாதவர். 1676-இல் கார்ட்லியின் ராஜாவானார். ஷாவுக்கு எதிராகச் சதி செய்ததால் 1688-இல் ஷா சுலைமான் அவரைத் தூக்கிவிட்டு, காக்கெட்டிக் கிளையின் எரெக்லேயை வைத்தார். குர்கின் சும்மா இருக்கவில்லை, மலையிலும் காட்டிலும் இருந்து சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். அடுத்து வந்த ஷா சுல்தான் ஹுசைனிடம் 1696-இல் சமாதானமானார். கலகக்காரன் சண்டைக்காரனாகவும் இருந்தால் ஷாக்களுக்கு அவனை வைத்துச் செய்ய ஒரு வேலை எப்போதும் இருக்கும். 1699-இல் அவரைக் கெர்மானுக்கு அனுப்பினார்கள், பலூச்சிகள் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். குர்கினும் தம்பி லெவானும் அவர்களை ஒடுக்கிக் காட்டினார்கள். பரிசாக 1703-இல் கார்ட்லி திரும்பக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஊருக்குப் போகக்கூடாது. நாட்டைக் குர்கின் சார்பில் லெவானின் மகன் வக்தாங் பார்த்துக்கொள்வான். ராஜா போக வேண்டிய இடம் கந்தகார்.

கந்தகார் (இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கிறது) சஃபாவிகளுக்கும் மொகலாயர்களுக்கும் நடுவே கைமாறிக்கொண்டே இருந்த ஊர். காபூலில் அவுரங்கசீப்பின் மகன் ஷா ஆலம் இருந்தார். 1704-இல் தன் ஜார்ஜியப் படையோடு வந்திறங்கிய குர்கின் பலூச்சிகளை அடக்கியதோடு நிற்கவில்லை. கில்சாய் ஆப்கானியரையும் பகைவரைப் போல நடத்தினார். அவர்கள் சன்னி, ஷாவின் ஷியா ஆட்சியில் ஏற்கெனவே மனக்குறை இருந்தது. ஜார்ஜியச் சிப்பாய்களின் அட்டகாசத்தைப் பற்றி இஸ்ஃபஹானுக்குப் புகார் எழுதினார்கள். ஆனால் இஸ்ஃபஹானில் தாரோகா யார்? குர்கினின் தம்பி மகன் கைகோஸ்ரோ. புகார் எங்கே போய்ச் சேரும்!

கந்தகாரின் கலந்தர், அதாவது நகர்மன்றத் தலைவர் மாதிரியான பதவி, மீர்வைஸ் ஹோதக் கையில் இருந்தது. ஆள் ஆபத்தானவன் என்று குர்கின் அவரைப் பிடித்து இஸ்ஃபஹானுக்கு அனுப்பினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட செயல் அது. மீர்வைஸ் அங்கே ஷாவின் பலவீனத்தையும் அரண்மனைக் கோஷ்டிகளையும் கூட இருந்தே பார்த்தார். குர்கினுக்கு ஆகாதவர்களைச் சினேகம் பிடித்தார், ஷாவின் நம்பிக்கையைப் பெற்றார். மக்காவுக்குப் போய், சன்னிகள் ஷியா ஆட்சியை எதிர்க்கலாம் என்று மார்க்க அறிஞர்களிடம் தீர்ப்பும் வாங்கிக்கொண்டார். பிறகு ஷாவின் மரியாதை உடுப்போடு கந்தகாருக்குத் திரும்பி வந்தார். குர்கினின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இஸ்ஃபஹானில் வாழ்ந்த க்ருசின்ஸ்கி என்ற போலந்துப் பாதிரி ஒரு கதை சொல்கிறார். மீர்வைஸின் மகளைத் தனக்குத் தரச்சொல்லிக் குர்கின் கேட்க, அவர் வேறொரு பெண்ணை அலங்கரித்து அனுப்பி வைத்தாராம். கதையோ நிஜமோ, வெளியில் உறவு கொண்டாடிக்கொண்டு உள்ளுக்குள் கத்தி தீட்டினார்கள் என்பது நிஜம். 1709 ஏப்ரலில் ஜார்ஜியப் படையின் ஒரு பகுதி குர்கினின் உறவினர் அலெக்சாந்தரோடு வெளியூர் போயிருந்தது. ஊருக்கு வெளியே தன் தோட்டத்தில் விருந்து வைத்தார் மீர்வைஸ். குர்கினும் கூட வந்த காவலர்களும் அங்கேயே வெட்டப்பட்டார்கள். கோட்டையும் விழுந்தது. மூன்று நாள் கழித்து வந்துசேர்ந்த அலெக்சாந்தரால் மிஞ்சியவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்கத்தான் முடிந்தது.

பழிவாங்க அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? அதே கைகோஸ்ரோ. இப்போது அவரே கார்ட்லியின் ராஜா, பெரிய படைக்குத் தளபதி. கந்தகாரை முற்றுகையிட்டு, தண்ணீரும் தீனியும் தீர்ந்து பின்வாங்கியபோது 1711 இலையுதிர்காலத்தில் கொல்லப்பட்டார். திரும்பியவர்கள் மிகக் கொஞ்சம். தேசத்தந்தை பட்டம் நியாயமா என்றால், ஆப்கானியர் பக்கமிருந்து பார்க்கையில் நியாயம்தான். குர்கின் தன் நாட்டில் ஷாவுக்கு எதிராக எதைச் செய்தாரோ, அதையே மீர்வைஸ் குர்கினுக்கு எதிராகச் செய்தார்.

கேள்வி (ஊர்க்குருவி மறுபடியும்): 1722-இல் ஆப்கானியர் இஸ்ஃபஹானையே பிடித்துவிட்டார்கள். அப்போது இந்த ஜார்ஜியப் படை எங்கே போனது?

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். குர்கினுக்குப் பதில் நாட்டைப் பார்த்துக்கொண்ட வக்தாங்தான் இதில் முக்கியம். படித்த மனிதர், 1709-இல் திபிலிசியில் அச்சுக்கூடம் வைத்து, 1712-இல் ஜார்ஜியாவின் பெருங்கவிஞர் ருஸ்தவேலியின் காவியத்தை முதன்முதலில் அச்சேற்றியவர், சட்டத் தொகுப்பு செய்தவர். அவர் ராஜாவாக வேண்டுமானால் முஸ்லிமாக வேண்டும் என்றார் ஷா. மறுத்தார். பல வருஷம் ஈரானிலேயே நிறுத்தி வைத்தார்கள். தம்பி யெஸே மதம் மாறி ராஜ்ஜியத்தை வாங்கிக்கொண்டார். 1716-இல் வக்தாங்கும் இறங்கிவந்தார், 1719-இல் ஊர் திரும்பினார்.

அந்த நேரத்தில் லெஸ்கிகள் என்ற காக்கேசிய மலைவாசிகள் மலையிலிருந்து இறங்கி ஷாவின் ஊர்களையே கொள்ளையடித்தார்கள். வக்தாங் படை திரட்டி அவர்களை நெருக்கிக்கொண்டிருந்தபோது இஸ்ஃபஹானிலிருந்து உத்தரவு: நிறுத்து, திரும்பிப் போ. ஜார்ஜியன் அதிகம் ஜெயித்துவிட்டால் ரஷ்யாவோடு சேர்ந்துவிடுவான் என்று அரண்மனையில் யாரோ ஓதியிருக்கிறார்கள். இனி ஷாவுக்காக வாளை உருவமாட்டேன் என்று வக்தாங் சபதம் செய்தார்.

சில மாதங்களில் மீர்வைஸின் மகன் மஹ்மூத் இஸ்ஃபஹான் வாசலில் நின்றான். 1722 மார்ச் 8-இல் குல்னாபாத் போரில் ஷாவின் குலாம் படைக்குத் தலைமை தாங்கிச் செத்தவர் வக்தாங்கின் தம்பி ரோஸ்தோம் (மேலே சொன்ன ரோஸ்தோம் கான் அல்ல). முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தது. உதவி கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். வக்தாங் அசையவில்லை. அக்டோபரில் ஷா தன் மகுடத்தைத் தானே கழற்றி மஹ்மூதிடம் கொடுத்தார். பிணையாகப் பிடித்தவர்கள் தோளிலேயே ஒரு பேரரசு நூறு வருஷம் சாய்ந்து நின்றிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்திருக்கும்.

வக்தாங்குக்கும் நல்லது நடக்கவில்லை. ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டரை நம்பினார், பீட்டர் பின்வாங்கிவிட்டார். 1723-இல் திபிலிசி பறிபோனது, மறு வருஷம் ரஷ்யாவுக்குப் போனார், 1737-இல் அஸ்திரகானில் இறந்தார்.

கேள்வி (கீழ்வானம்): இவர்களில் யாராவது இந்தியாவுக்குள் வந்தார்களா?

பதில்: வந்தார். காக்கெட்டி இளவரசன் இரண்டாம் எரெக்லே, இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், ஜார்ஜியப் படைப்பிரிவோடு, சஃபாவிகளுக்குப் பின் ஈரானை ஆண்ட நாதிர் ஷாவின் டெல்லிப் படையெடுப்பில் வந்தவர். 1744-இல் நாதிர் அவருக்குக் காக்கெட்டியையும் தகப்பன் இரண்டாம் தெய்முராஸுக்குக் கார்ட்லியையும் கொடுத்தார். மதம் மாறச் சொல்லவில்லை. மறு வருஷம் மத்ஸ்கெத்தாவில் தெய்முராஸுக்குக் கிறித்தவ முறையிலேயே முடிசூட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நடக்காத சடங்கு.

கேள்வி (டீக்கடை பெஞ்ச்): கடைசியா ஒண்ணு. இவங்கல்லாம் துரோகியா, தியாகியா? உங்க கருத்து வேணும், மழுப்பக்கூடாது.

பதில்: மழுப்பவில்லை. கொன்ஸ்தந்தீன் துரோகி. கெத்தெவான், லுவார்சாப் தியாகிகள். ரோஸ்தோம் இரண்டும் இல்லை, அவர் நிர்வாகி. நாடு பிழைத்துக் கிடந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். குர்கின் நல்ல போர்வீரர், மோசமான ஆளுநர். இந்த வரிசையை மாற்றிப் போடுகிறவர்கள் ஜார்ஜியாவிலேயே நிறையப் பேர் உண்டு.

எல்லாக் கணக்கையும் குழப்புகிற ஒருவரும் இருக்கிறார். எரெக்லேயின் மகன் அலெக்சாந்தர். 1801-இல் ரஷ்யா ஜார்ஜியாவை விழுங்கியபோது, கிறித்தவ ரஷ்யாவை எதிர்க்க முஸ்லிம் ஷாவிடம் அடைக்கலம் போனார். பாரசீகப் படையோடு சேர்ந்து ரஷ்யர்களோடு மோதினார், நாட்டுக்குள் கலகங்களைக் கிளப்பினார். மதம் மாறவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. 1844-இல் தெஹ்ரானில் இறந்தார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.